கிராணியம்மாவின் கூறைநாட்டுச் சேலை

வீரம்மாவை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோரத்து டோபித் துறையில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் துவைக்கிற கல்லுக்கு அடுத்த கல்லில் துவைத்தவன் அவள் புருஷன் அய்யாவு. பல வருஷம் ஒண்டிக்கட்டையாகத் துவைத்துப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவன், ஒருவழியாக மனைவியைப் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வரவழைத்தான். போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் இறங்கி, அங்கே நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, ரயிலேறித் துறைக்கு வந்து சேர்ந்தவள் செய்த முதல் காரியம், நான் சோப்புப் போட்டு விரித்திருந்த துரை வீட்டு மேசைவிரிப்பை மிதித்துக்கொண்டு போனது. பார்த்து நடக்கக்கூடாதா என்று கேட்டேன். நடக்கிற வழியில் விரித்தால் மிதிக்கத்தான் செய்வார்கள் என்றாள். வாய் இருக்கிறது, பிழைத்துக்கொள்வாள் என்று அப்போதே நினைத்தேன்.

முப்பத்து நாலாம் வருஷம் அது. ரப்பர் விலை படுத்துத் தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிய காலம் முடிந்து, மறுபடி ஊரிலிருந்து ஆள் வர ஆரம்பித்திருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் பண்ணுகிற கூத்தெல்லாம் பார்த்துச் சிரிப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. வீரம்மா அதில் குறை வைக்கவில்லை. பாசாருக்குப் போனவள் பெலாச்சானைப் பழம்புளி என்று நினைத்து வாங்கிவந்து கரைத்துக் குழம்பு வைத்தாள். பெலாச்சான் என்பது காயவைத்து இடித்த இறால் கட்டி. பார்வைக்குப் புளி மாதிரிதான் கறுப்பாக இருக்கும், நாற்றம் மட்டும் துறை முழுக்க வரும். அய்யாவு ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். அவள் விடவில்லை. கொட்ட மனசில்லாமல் இரண்டு வேளையும் அவளே தின்று தீர்த்தாள்.

சீனன் காய்க்கடையில் விரலைக் காட்டிப் பேரம் பேசுவாள். அவன் ஒன்று சொல்ல, இவள் ஒன்று சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் அவரவர் பாஷையில் திட்டிக்கொண்டு வியாபாரத்தை முடிப்பார்கள். மலாயில் அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது மூன்றே சொல். இருக்கு என்பதற்கு ஆடா, இல்லை என்பதற்குத் தாடா, நாளைக்கு என்பதற்கு பேசோ. டோபி வேலைக்கு இது தாராளம்.

வந்து ஒரு மாதம் ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் அய்யாவு நனைந்த போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறும்போது பாசியில் வழுக்கி விழுந்தான். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. நாங்கள்தான் மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். காலுக்குக் கட்டுப் போட்டுத் தொங்கவிட்டார்கள். எழுந்து நடக்க மாசக்கணக்காகும் என்று சொல்லிவிட்டார் டிரெஸ்ஸர்.

இங்கேதான் துறையின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். துறையில் இருந்த கற்கள் கொஞ்சம். அதில் துவைக்க ஆசைப்பட்டவர்களோ ஏராளம். வெளுக்க வீடு வைத்திருப்பவனுக்குத்தான் கல். கல் வைத்திருப்பவனுக்குத்தான் அதன் பின்னால் இருக்கிற குடிசை. வீடுகள் கைவிட்டுப் போனால் கல்லை அடுத்தவனுக்கு விட்டுவிட்டு மூட்டையைக் கட்ட வேண்டும். அய்யாவுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வரிசை வீடும், பார்க்கில் ஆடுகிற நாடகக் கூட்டத்தின் துணியும் இருந்தன, கல்லுக்குக் கணக்கு அந்த வரிசைதான். துறையில் வாசு என்று ஒருத்தன். தனக்குக் கல் இல்லாமல், மற்றவர்கள் துவைத்து முடித்த பிறகு வெயில் தாழ்ந்து துவைப்பவன். அய்யாவு விழுந்த அன்று சாயங்காலமே வீரம்மாவிடம் வந்து, பொம்பளையால் ஆகாது, வீடுகளைத் தன்னிடம் விட்டுவிட்டால் அய்யாவு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். திருப்பிக் கொடுத்த வீடு எதையும் நான் பார்த்ததில்லை. வீரம்மாவும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் விடியும்போது அய்யாவின் கல்லில் அவள் துவைத்துக்கொண்டிருந்தாள்.

துவைப்பது அவளுக்குப் புதிதில்லை. துணியில் குறி வைப்பதும் அப்படித்தான். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, சேராங்கொட்டை மையால் ஓரத்தில் புள்ளியும் கோடும் வைப்போமே, எங்கள் துறையின் குறிகளை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். வீடு கண்டுபிடிப்பதில்தான் தடுமாறினாள். குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாசலில் நாய் குரைத்தால் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் வீடு என்று அடையாளம் வைத்திருந்தாள். நாயை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அன்று வரிசையில் மேலும் கீழும் அலைந்து, கடைசியில் வெள்ளைக்காரக் கலப்பான யாரோ ஒரு சட்டைக்காரர் வீட்டில் வேட்டியை மடித்து வைத்துவிட்டு வந்தாள். நான் போய் வாங்கி வரவேண்டியதாயிற்று.

வரிசையில் செல்வாக்கான வீடு ரயில்வே ஆபீசில் தலைமைக் கிராணியாக, அதாவது பெரிய குமாஸ்தாவாக இருந்த இராமலிங்கம் வீடு. மாயவரம் பக்கம். மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். அவர் எந்த டோபிக்குப் போடுகிறாரோ அந்த டோபிக்குத்தான் வரிசையே போடும். அவர் மனைவி லெட்சுமியம்மா அதிகம் பேசமாட்டார். துணியை எண்ணிப் போடுவார், எண்ணி வாங்குவார், ஒரு டம்ளர் காப்பி கொடுப்பார். இந்த ஊரில் எங்களுக்குக் காப்பி கொடுத்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அதனால் அந்த அம்மாள்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

முதல் வாரம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாவது வாரம் சனிக்கிழமைதான் வினை வந்தது.

பார்க்கு என்றால் இப்போது இருக்கிற மாதிரி மரமும் பெஞ்சும் போட்ட பார்க்கு இல்லை. ஊருக்குக் கிழக்கே வேலி போட்டு, உள்ளே கலர் கலராக மின்சார பல்பு எரியவிட்டு, ராட்டினம், குறிபார்த்துச் சுடுகிற கடை, சீன நாடகம், மலாய் நாடகம், ரோங்கேங் என்கிற மலாய் ஆட்டத்து மேடை என்று ஒரு திருவிழாவையே தினமும் நடத்துவார்கள். பொழுது சாய்ந்தால் கோலாலம்பூர் ஆம்பிளைகளில் பாதிப்பேர் அங்கேதான். அய்யாவு வெளுத்துக் கொடுத்த நாடகக் கூட்டமும் அங்கேதான். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே பாட்டு ஆட்டம் போடுவார்கள். சனிக்கிழமைகளில் தங்கமணி என்று ஒரு பெண் சேலை கட்டிக்கொண்டு இந்துஸ்தானிப் பாட்டுக்கு ஆடுவாள். கிள்ளான் ரயில்வே கூலிக்காரர் லயத்தில் பிறந்தவள், இந்துஸ்தானியில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் அவள் ஆட்டத்துக்காகவே சனிக்கிழமை கூட்டம் கூடும் என்பார்கள். மேடைக்கென்று அவளிடம் இருந்தது இரண்டு சேலை. இரண்டும் வெளுக்க எங்கள் துறைக்குத்தான் வரும். பகலெல்லாம் அந்தக் கூட்டம் தூங்கும் என்பதால் பொழுது சாயப் போய்த்தான் துணியைக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை வீரம்மா இரண்டு சேலையையும் அலசிக் கஞ்சி போட்டுக் கொடியில் விரித்துவிட்டு, அய்யாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அவள் ஊரில் விரித்த துணி விரித்தபடி கிடக்கும், மழையைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி வரவேண்டும். இங்கே அப்படியா? காலையில் மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும், மத்தியானம் திரும்பியதும் கொட்டித் தீர்த்துவிடும். இது தெரிந்ததால்தான் நாங்கள் எல்லாரும் ஒரு கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டே துவைப்போம். நான் அன்றைக்குத் துரை வீட்டுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தேன். துறையில் இருந்தது வாசு. தன் துணியை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு கூரையடியில் ஒதுங்கியவன், பக்கத்துக் கொடியைப் பார்க்கவில்லையாம். அவன் கண் அவ்வளவு பழுது.

அவள் வந்து பார்த்தபோது சேலை இரண்டும் கீழே சேற்றில் கிடந்தன. மறுபடி அலசிப் பிழிந்தாள். அடுப்பு மேல் பிடித்துப் பார்த்தாள். கனத்த ஜரிகை போட்ட சேலைகள், அவ்வளவு சீக்கிரம் எங்கே காய? கையும் ஓடாமல் காலும் ஓடாமல், ஈரச் சேலையை ஒரு மூட்டையாகவும், திரும்பி வருகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று முந்தின நாளே மடித்து வைத்த கிராணி வீட்டு வெளுப்பை ஒரு மூட்டையாகவும் தலையில் ஏற்றிக்கொண்டு பார்க்குக்குப் புறப்பட்டுவிட்டாள்.

அங்கே நடந்ததை அவள் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். நான் பார்த்தது இல்லை. பின்வாசலில் காவல் இருந்த பஞ்சாபி ஜாகா நிறுத்தினானாம். இவள் மூட்டையைக் காட்டி ஆடா என்றாளாம், விட்டுவிட்டான். உள்ளே போனதும் பல்பு வெளிச்சத்தில் கண் கூசிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருக்கிறாள். சாத்தே இறைச்சி சுடுகிற புகை ஒரு பக்கம், சீனன் தாளம் ஒரு பக்கம். ரோங்கேங் மேடையில் ஆம்பிளைகள் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறிப் பொம்பளைக்கு எதிரே நின்று ஆடுவதைப் பார்த்திருக்கிறாள். தொடக்கூட இல்லையாம். தொடுவதில்லை என்றால் சீட்டு எதற்கு என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்.

மேடைக்குப் பின்னால் தங்கமணி முகத்துக்குப் பூசிக்கொண்டு, பாவாடை ரவிக்கையோடு சேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஈர மூட்டையைப் பிரித்ததும் அவள் திட்டவில்லையாம், அழுதுவிட்டாளாம். கூட்டத்து மானேஜர் போன வாரம்தான் ஒரு பெண்ணை, காய்ச்சலில் ஆட வரவில்லை என்று வெளியே அனுப்பியிருந்தார்.

"இத எப்படிக்கா கட்டிக்கிட்டு ஆடுறது? நான் மேடைக்குப் போகலன்னா நாளைக்கு வேற பொண்ணு லா" என்றாள் தங்கமணி, இங்கே பிறந்தவர்கள் சேர்க்கிற லாவோடு.

ஊரில் எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மாத்து என்போம். வெளுத்து மடித்த துணி எங்கள் கையில் இருக்கிறவரை அது ஊருக்குப் பொது மாதிரி. ஒரு வீட்டில் பெண் சமைந்தாலும், பிள்ளை பிறந்தாலும், சாவு விழுந்தாலும் அவர்கள் உடுத்திக்கொள்ள மாற்றுத்துணி நாங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எந்த வீட்டுத் துணி என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பதும் மரியாதை இல்லை, நாளைக்கு அவர்கள் வீட்டுக்கும் அப்படித்தானே வரப்போகிறது. ஒருத்தர் துணி கெட்டுப்போனாலும் அதேதான், அடுத்த வீட்டு வெளுப்பில் ஒன்றை எடுத்துக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றுவோம். கொடுக்காவிட்டால்தான் குற்றம். வீரம்மா அந்த வழக்கத்திலேயே வளர்ந்தவள். ஒரு பொம்பளை உடுத்தச் சேலை இல்லாமல் நிற்கிறாள், இவள் மூட்டையில் வெளுத்த சேலை இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிராணி வீட்டு மூட்டையை அவிழ்த்து, மேலாக இருந்த கூறைநாட்டுச் சேலையை எடுத்து நீட்டிவிட்டாள்.

அந்தச் சேலையை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கிளிப்பச்சையில் கட்டம், உள்ளங்கை அகலத்துக்கு அரக்குக் கரை. கிராணி ஊருக்குப் போனபோது தறிக்காரரிடம் சொல்லி நெய்து எடுத்துவந்தது. கோலாலம்பூரில் மட்டுமில்லை, சிலாங்கூர் முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொன்று கிடைக்காது.

ஆட்டம் முடிந்ததும் சேலையைத் திரும்ப வாங்க வேண்டும் என்பதால் வீரம்மா மேடை ஓரத்தில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கமணி ஆடியது ரொம்ப அழகாக இருந்ததாம். அதை ரசித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தவள் கண்ணில், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிராணி இராமலிங்கம் பட்டுவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் என்றால் கிராணி ஐயா பஜனை மடத்தில் இருப்பார் என்பதுதான் குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. புதிதாக வந்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஊர்விட்டு ஊர் வந்து, பாஷை தெரியாத கூட்டத்தின் நடுவே தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த சந்தோஷம் அவளுக்கு. எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, அவர் பார்க்கும்படி பெரிதாக ஒரு கும்பிடு போட்டாள்.

கிராணி பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பி மேடையைப் பார்த்திருக்கிறார். மேடையில் அவர் மனைவியின் சேலை ஆடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிகிறவரைகூட உட்காராமல் எழுந்து போய்விட்டாராம். ஏதாவது அவசர வேலையாக இருக்கும் என்று நினைத்தேன் என்றாள் என்னிடம். கேட்டதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவ்வளவையும் அவள் எனக்குச் சொன்னது மறுநாள் காலை, சேலையை மறுபடி வெள்ளாவி வைத்து அலசிக்கொண்டு, சிரித்த முகத்தோடு. பார்க்கிலிருந்து கிளம்பப் பொழுதாகிவிட்டதால் கிராணி வீட்டு வெளுப்பு அவளிடமே இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கிராணியே துறைக்கு வந்துவிட்டார். ஒரு தலைமைக் கிராணி ஆற்றங்கரைக்கு இறங்கி வந்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை, துறையில் எல்லாக் கல்லிலும் ஆள். அவர் படியிலேயே நின்றுகொண்டு கத்தினார். நம்பிப் போட்ட துணியை ஊர் மேய விடுகிற நாணயம் கெட்டவள் என்றார். இன்று சாயங்காலத்துக்குள் வரிசையில் இருக்கிற எல்லா வீட்டுத் துணியும் வந்து சேரவேண்டும், நாளையிலிருந்து வரிசை முழுக்க வாசுவுக்கு என்றார். வாசு கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

வீரம்மா திருதிருவென்று முழித்தாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நான் ஒண்ணும் ஒளிச்சுச் செய்யலையே ஐயா. நேத்து நீங்களும் அங்க..."

நான் அவள் வாயைப் பொத்திவிட்டேன். சோப்புக் கையால் பொத்தியதில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. கிராணியின் முகத்தில் ஈயாடவில்லை. விருட்டென்று திரும்பி மேடேறிப் போய்விட்டார்.

அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஊரில் மாத்து என்று சொன்னால் திருட்டு என்று சொல்வார்கள் என்றேன். பஜனை மடத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அப்போதுதான் அவள் அழுததை முதன்முதலாகப் பார்த்தேன். கிராணிக்காக இல்லை. கட்டுப் போட்ட காலோடு திரும்பி வரப்போகிற மனுஷனை எந்தக் குடிசையில் படுக்க வைப்பேன் அக்கா என்று கேட்டாள். பக்கத்தில் வாசு அய்யாவின் கல்லில் கால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஈரத்துணியாலேயே அடித்திருப்பேன், எங்கள் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அவளோடு நானும் போனேன். அவளைத் தனியாக விட எனக்கு மனசில்லை, பார்க்கு என்ற பேச்சையே எடுக்காதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மற்ற வீடுகளில் துணியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வாரத்து அழுக்குத் துணியும் போடவில்லை. கடைசியாகக் கிராணி வீடு. அவர் முன்கட்டில் சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். லெட்சுமியம்மா வந்து துணியை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினார். கூறைநாட்டுச் சேலை வந்ததும் கை நின்றது.

"இத யாருக்கோ கட்டக் குடுத்தியாமே. யாருக்குக் குடுத்த?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

வீரம்மா என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. மழையில் நனைந்ததிலிருந்து ஆரம்பித்து, பார்க்கில் ஆடுகிற பெண் உடுத்தச் சேலை இல்லாமல் அழுதது, ஊர் வழக்கப்படி மாத்துக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னாள். தெரியாமல் செய்துவிட்டேன், இரண்டு தடவை வெள்ளாவி வைத்து வெளுத்திருக்கிறேன் அம்மா என்றாள். கும்பிட்டதை மட்டும் சொல்லவில்லை.

லெட்சுமியம்மா சேலையைப் பிரித்துக் கரையைத் தடவிப் பார்த்தார். நான் சமைஞ்சப்போ எனக்கும் மாத்துத்துணிதான் வந்தது, யார் வீட்டுச் சேலை என்று இன்றுவரை தெரியாது என்றார் மெதுவாக. நான் கிளம்பலாம் என்று வீரம்மாவின் முந்தானையை இழுத்தேன்.

"ஆமா, இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று முன்கட்டைக் காட்டிக் கேட்டார்.

வீரம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிராணியைக் கவிழ்த்துவிடலாம். காலையில் அத்தனை பேர் முன்னால் தன்னை நாணயம் கெட்டவள் என்ற மனுஷன் அவர். அவளோ தலையைக் குனிந்துகொண்டு வெளுப்பு மூட்டையின் முடிச்சைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டினாள். கிராணியின் கையிலிருந்த பேப்பர் அசையவில்லை. அந்த அம்மாள் வீரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பேப்பரைப் பார்த்தார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நேத்து மடத்துல என்ன பாட்டு பாடுனாங்க?" என்று அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

பேப்பர் இன்னும் மேலே ஏறியது. லெட்சுமியம்மா சேலையை மறுபடி மடிப்புக் கலையாமல் மடித்து, வீரம்மாவின் கையிலேயே வைத்தார்.

"இத அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடு. மழை வந்தா அவளுக்கும் ஒரு மாத்து வேணுமில்ல. சனிக்கிழமை சனிக்கிழமை தவறாம இதையே கட்டிக்கிட்டு ஆடச் சொல்லு. பாக்குறவங்களுக்கு வீட்டு ஞாபகம் வரட்டும்."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போகவில்லை. நிலைப்படியிலேயே நின்றுகொண்டு, இந்த வாரத்து அழுக்கு மூட்டை கொல்லைக்கட்டில் இருக்கிறது, டோபியம்மா எவ்வளவு நேரம் நிற்பாள், எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். யாரிடம் சொல்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பேப்பர் கீழே இறங்கியது. கிராணி எழுந்து உள்ளே போனார். அழுக்குப் போடாமல் அனுப்பிய எதிர்வீட்டு, பக்கத்துவீட்டுப் பொம்பளைகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்த வீட்டு அழுக்கு மூட்டையைத் தம் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, வீரம்மாவின் காலடியில் இறக்கி வைத்தார்.